பாட்டைச் சுமந்து வந்தவர் – அயர்லாந்தின் கிறிஸ்டி மூர்

நம் மலரில் கர்நாடக இசையைப் பற்றியும், மெல்லிசையைப் பற்றியும் விஷயம் தெரிந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். டிப்ளமா படித்துவிட்டு, முப்பத்தெட்டு ஆண்டுகள் தண்டவாளத்தோடும் ஜல்லியோடும் காலம் தள்ளி, 2019-இல் ஓய்வு பெற்ற எனக்குச் சங்கீதத்தைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் மகன் டப்ளினில் வேலையில் இருக்கிறான். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும் என் மனைவியும் அங்கே மூன்று மாதம் போய்த் தங்கினோம். மழை விடாது பெய்யும் ஊர். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த என்னிடம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் பழைய கேசட்டுகள் ஐந்தாறைக் கொடுத்து, போட்டுக் கேளுங்கள் என்றார். எல்லாம் ஒரே பாடகர். பெயர் கிறிஸ்டி மூர். அதிலிருந்து பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. கேட்டதையும் படித்ததையும் ஒரு பாடமாக எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நமக்குப் பாட்டு என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு. எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் 1960-களிலிருந்து வேறு ஒரு வழக்கம் வலுப்பெற்றது. ஒரே ஆள் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுவது. நம் மரபில் வாக்கேயக்காரர் என்று சொல்வோமே, அதற்குக் கிட்டத்தட்ட ஒப்பிடலாம். ஆனால் இவர்கள் பாடுவது சாமியைப் பற்றி அல்ல. வேலை போனதை, ஊரை விட்டு வந்ததை, கால்பந்துப் போட்டியை, குடித்துக் கெட்டதை எல்லாம் பாடுவார்கள்.

கிறிஸ்டி மூர் இந்தப் பட்டியலில் முதல் வரிசையில் இருப்பவர். 2007-இல் அந்நாட்டின் தொலைக்காட்சி நிறுவனம் நடத்திய விருது விழாவில், உயிரோடு இருக்கும் ஐரிஷ் இசைக் கலைஞர்களில் மிகச் சிறந்தவர் என்று இவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், இவருடைய பாட்டு என்று ஊரெல்லாம் பாடும் பாடல்களில் பாதிக்கு மேல் இவர் எழுதியவை அல்ல! அதுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

வங்கி வேலையிலிருந்து கட்டட வேலைக்கு

மூர் பிறந்தது 1945-இல், டப்ளினுக்குத் தென்மேற்கே கில்டேர் மாவட்டத்து நியூபிரிட்ஜ் என்ற சிற்றூரில். பள்ளிப்படிப்பு முடிந்ததும் வங்கியில் குமாஸ்தா வேலை. நம் வீடுகளில் பையனுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் பெண் பார்க்கத் தொடங்கிவிடுவோம். 1966-இல் அயர்லாந்து வங்கி ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பளம் இல்லை. இவர் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போனார். கட்டட வேலை, எண்ணெய்க் கிணற்று வேலை என்று கிடைத்ததைச் செய்துகொண்டு, இரவில் நாட்டுப்பாடல் மன்றங்களில் பாடினார். வேலை நிறுத்தம் முடிந்தது. இவர் வங்கிக்குத் திரும்பவில்லை.

இங்கே எனக்குச் சொந்தமான ஒரு விஷயம் வருகிறது. பிழைப்புக்காக இங்கிலாந்துக்குப் போன ஐரிஷ்காரர்களின் நீண்ட வரிசையில் மூரும் ஒருவர். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அந்தத் தீவில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதைவிட அதிகமானவர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். இங்கிலாந்தில் ரயில் பாதைகளுக்கு மண் வெட்டி, மலை குடைந்து, கரை கட்டியவர்களில் கணிசமானவர்கள் ஐரிஷ் கூலிகள். இவர்களுக்கு 'நேவி' என்று பெயர். கப்பற்படை என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு முந்தைய தலைமுறையில் கால்வாய் வெட்டியவர்களை 'நேவிகேட்டர்' என்றார்கள். அது தேய்ந்து 'நேவி' ஆயிற்று. கால்வாய்க்காரனின் பெயர் ரயில் பாதைக்காரனுக்கு ஒட்டிக்கொண்டது. பாதையில் பிழைத்தவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு ஏதோ தூரத்து உறவினரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

மூரின் முதல் இசைத்தட்டு 1969-இல் வந்தது. அச்சிட்டது ஐந்நூறு பிரதிகள் மட்டும். தலைப்பே பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் ஐரிஷ்காரனைப் பற்றியதுதான். பிறகு தாயகம் திரும்பி, தன் ஊருக்கு அருகில் பிராஸ்பரஸ் என்ற கிராமத்தில், ஒரு பழைய வீட்டின் நிலவறையில், நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு இரண்டாவது தட்டைப் பதிவு செய்தார். கிராமத்தின் பெயரே தட்டின் பெயர், வெளிவந்தது 1972. அதில் வாசித்த மூன்று நண்பர்களும் இவருமாகச் சேர்ந்து அமைத்த குழுதான் பிளாங்ஸ்டி.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம்

பிளாங்ஸ்டியில் இருந்த நால்வர்: மூர், அவரோடு பள்ளியில் படித்த டோனல் லன்னி, ஆண்டி அர்வைன், லியாம் ஓஃபிளின். ஓஃபிளின் வாசித்தது இல்லன் பைப். ஸ்காட்லாந்துக்காரர்கள் வாயால் ஊதும் பைக்குழலைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இது வேறு. வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்குக் கீழே கொல்லன் துருத்தி போல ஒன்றைக் கட்டிக்கொண்டு, கையை அசைத்து அசைத்துக் காற்றடித்து, இடது முழங்கைக்கு அடியில் உள்ள பையை நிரப்புகிறார்கள். 'இல்லன்' என்றால் அவர்கள் மொழியில் முழங்கை. விரல்கள் வாசிப்பது ஒரு குழல். இரண்டு ஸ்தாயி வரை பேசும். கூடவே மூன்று குழல்கள் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது போல ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இது போதாதென்று மணிக்கட்டால் அழுத்துகிற சாவிகள் வைத்த குழல்கள் இன்னும் மூன்று. உட்கார்ந்துகொண்டுதான் வாசிக்க முடியும். இத்தனை வால்வுகளையும் ஒரு மனிதன் ஒரே நேரத்தில் இயக்குவதைப் பார்த்தால் ஸ்டீம் இன்ஜின் டிரைவர்கள் ஞாபகம் வருகிறது. ஓஃபிளின் 2018-இல் காலமானார்.

லன்னி வாசித்தது பூசூக்கி, கிரேக்க நாட்டுத் தந்தி வாத்தியம். 1960-களின் நடுவில்தான் அயர்லாந்துக்குள் வந்தது. இன்று அது இல்லாமல் ஐரிஷ் கச்சேரி அபூர்வம். மரபு மரபு என்கிறோம். நம் கச்சேரியில் வயலின் வந்து உட்கார்ந்துகொள்ளவில்லையா?

மூர் பாடும்போது கிதாரைத் தவிர போரான் என்ற தாளக் கருவியையும் வாசிப்பார். மரவளையத்தின் ஒரு பக்கம் ஆட்டுத்தோல் போர்த்தியது. பெரிய கஞ்சிரா என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சலங்கைத் தகடு கிடையாது. உட்புறமாக இடது கையை வைத்துத் தோலை அழுத்தினால் நாதம் ஏறி இறங்கும். அந்த ஒரு கருவியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் முழுக் கதையையும் பாடும்போது, உடுக்கை அடித்துக் கதை சொல்வது போல் இருக்கிறது.

மெட்டுகளைப் பற்றி நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லக்கூடிய ஒரு செய்தி உண்டு. ஐரிஷ் நாட்டுப்பாடல்கள் பெரும்பாலும் நான்கு ஸ்வர வரிசைகளுக்குள் அடங்கும். அவர்கள் கிரேக்கப் பெயர்களால் சொல்லும் அயோனியன் நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி, டோரியன் கரகரப்பிரியா, ஏயோலியன் நடபைரவி. கமகம் இல்லாததால் ராகச் சாயல் தெரியாதே தவிர ஆரோகண அவரோகணம் ஒன்றுதான். வீணை கற்கும் என் தம்பி மகள் இரண்டு பாட்டைக் கேட்டதுமே சொல்லிவிட்டாள். இதில் நமக்கு நேரடி உறவும் உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு எழுதிய நோட்டுஸ்வர சாகித்யங்களில் 'வந்தே மீனாக்ஷி' என்பதன் மெட்டு, அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து மாலோ ஊர் இளைஞர்களைப் பற்றிய பாட்டின் மெட்டுதான். கிழக்கிந்தியக் கம்பெனி பாண்டு வாத்தியக்காரர்களோடு அது கடல் கடந்து வந்தது.

பாய்ல் ஊரின் தகரத் தொழிலாளி

நிற்க. பாட்டு எங்கிருந்து கிடைத்தது என்பதற்கு வருவோம்.

அயர்லாந்தில் டிராவலர்கள் என்று ஒரு சமூகம் உண்டு. ஓரிடத்தில் தங்காமல் வண்டியில் ஊர் ஊராகப் போய், தகரப் பாத்திரம் செய்தும், பழுது பார்த்தும், குதிரை வியாபாரம் செய்தும் வாழ்ந்தவர்கள். ஊர்க்காரர்கள் இவர்களை அண்ட விடுவதில்லை. அந்தச் சமூகத்தில் ஜான் ரைலி என்று ஒருவர். ராஸ்காமன் மாவட்டத்துப் பாய்ல் என்ற ஊரில், இடிந்த வீடு ஒன்றில் வறுமையில் இருந்தவர். பழங்கதைப் பாடல்கள் ஏராளமாக அவர் நினைவில் இருந்தன. டாம் மன்னலி என்ற நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் 1960-களில் ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர் பாடியதைப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்று, கிணற்றடியில் ஒரு பெண்ணும் வழிப்போக்கனும் பேசுவதாக அமைந்த கதை. குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கச் சற்றுச் சங்கடமான கதைதான். அந்தப் பெண் மறைத்து வைத்திருந்த கொடுமைகளை அவன் ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான். இந்தக் கதைப்பாடல் மக்கள் வாயிலிருந்து எப்போதோ மறைந்துவிட்டது என்றுதான் ஆய்வாளர்கள் எண்ணியிருந்தார்கள். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத ஒரு தகரத் தொழிலாளி அதை முழுசாக வைத்திருந்தார்.

1969-இல் ஜான் ரைலி இறந்துபோனார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை. நான்கே ஆண்டில், 1973-இல், பிளாங்ஸ்டியின் இரண்டாவது தட்டுக்கு அந்தக் கிணற்றடிப் பாட்டின் பெயரையே வைத்தார்கள். மூர் அதைப் போரானை வாசித்துப் பாடியிருக்கிறார். குழுவின் முதல் தட்டில் முதல் பாட்டும், அரண்மனையை விட்டு ஜிப்ஸிகளோடு போய்விடும் சீமாட்டியின் கதை, ரைலியிடமிருந்து வந்ததுதான். இன்று உலகத்தில் எந்த மூலையில் ஐரிஷ் இசை கேட்பவரும் அதை அறிவார். ரைலியின் ஒலிப்பதிவுகளும் பின்னர் தனித் தட்டாக வெளிவந்தன. மன்னலி தன் ஆயுளெல்லாம் சேகரித்த பாடல்கள் ஆயிரக்கணக்கில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றுச் சேமிப்பில் இருக்கின்றன. அவர் இரண்டு மூன்று ஆண்டுகள் தாமதித்துப் போயிருந்தால்?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் கேள்வி அல்ல. 1980-களில் நான் கோண்டியா பக்கம் செக்ஷனில் இருந்தபோது ஒரு கேங்குக்கு மேட்டாக விழுப்புரம் பக்கத்துத் தமிழர் ஒருவர் இருந்தார். தண்டவாளத்தை நகர்த்தி நேராக்க வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் கடப்பாரை போட்டு, ஒரே மூச்சில் நெம்ப வேண்டும். ஒருவன் அரை வினாடி பிந்தினால் பலன் இல்லை. அதற்குப் பாட்டு வேண்டும். மேட் ஓரடி சொல்வார். மற்றவர்கள் ஐலசா போட்டு நெம்புவார்கள். ஆட்களில் பாதிப்பேர் சத்தீஸ்கடிகள், சிலர் தெலுங்கர்கள். ஆகவே மேட்டின் பாட்டில் மூன்று பாஷையும் கலந்து வரும். ஊரில் விட்டு வந்த மனைவி, வராத மணியார்டர், மழை, தொப்பி போட்ட இன்ஸ்பெக்டர் (அது நான்தான்) எல்லாரும் அதில் வருவோம். என்னைக் கிண்டல் செய்யும்போது மட்டும் தெலுங்குக்கு மாறிவிடுவார். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அப்போது என்னிடம் புத்தம் புதிய டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டர் இருந்தது. இளையராஜா பாட்டாகப் பதிந்து தள்ளினேன். அந்த மேட்டின் பாட்டில் ஓரடியைக்கூடப் பதியவில்லை. பதிய வேண்டும் என்று தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. பிறகு டாம்பிங் மெஷின்கள் வந்து கேங்கின் பாதி வேலையை எடுத்துக்கொண்டன. வேலை போன இடத்தில் பாட்டுக்கு என்ன வேலை? மேட் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். இப்போது நினைவில் இருப்பது மெட்டின் முதல் பாதி மட்டும்.

அடுத்தவர் பாட்டு

மூர் செத்துப்போன பெரியவர்களிடம் மட்டும் பாட்டு வாங்கவில்லை. உயிரோடிருந்த சாதாரண ஆட்களிடமும் வாங்கினார். கிறிஸ்டி ஹென்னஸி என்று டிரலீ ஊர்க்காரர். லண்டனில் கட்டட வேலை செய்தவர். எழுத்து கூடாத குறை உள்ளவர். பாட்டை எல்லாம் மனத்திலேயே கட்டி வைத்திருப்பார். வேலைக்கு வரும்போது மண்வெட்டியை மறக்காதே என்கிற ரீதியில் அவர் கட்டிய நையாண்டிப் பாட்டை மூர் 1983-இல் பதிவு செய்ததும் நாடு முழுக்கச் சிரித்துக்கொண்டே பாடியது. சிரிப்புக்கு அடியில் கசப்பு இருக்கிறது. ஆலை மூடி வேலை போன ஒரு மனிதன் முதலாளியைப் பார்த்துப் பேசுவதாக அமைந்த பாட்டு, பீட்டர் ஹேம்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் எழுதியது. பஞ்சத்தில் சிகாகோவுக்குப் போனவர்களைப் பற்றிய பாட்டு மூரின் தம்பி பாரி எழுதியது. இந்தத் தம்பியும் பின்னாளில் லூக்கா புளூம் என்று பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்காவில் புகழ் பெற்றார்.

இவர் தாமே எழுதியவையும் உண்டு. லிஸ்டூன்வார்னா என்ற ஊரில் நடந்த இசைவிழாவைப் பற்றிய பாட்டு, மூச்சு விடாமல் பெயர்ப் பட்டியல் சொல்லும் கலாட்டா. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்கு எதிராகப் போரிட்டு மாண்ட ஐரிஷ்காரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பாட்டு 1984 தட்டில் இருக்கிறது. அவர்கள் சேர்ந்தது பதினைந்தாம் படைப்பிரிவு. பாட்டின் ஸ்பானியத் தலைப்பிலோ ஐந்தாம் படைப்பிரிவு என்று இருக்கிறது! அளவு நாடாவோடு வாழ்ந்தவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகுமா? 1978-இல் கார்ன்சோர் முனையில் அணுமின் நிலையம் வரக்கூடாது என்று இவர் பாடினார். அது வரவும் இல்லை. அணுமின்சாரம் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். வட அயர்லாந்துச் சண்டையில் ஆயுதம் ஏந்தியவர்களுக்கு ஆதரவாகவும் இருந்திருக்கிறார். 1987-இல் எனிஸ்கில்லனில் போர் நினைவு நாளன்று கூடியிருந்தவர்கள் நடுவே குண்டு வெடித்துப் பொதுமக்கள் இறந்த பிறகு அந்த ஆதரவை விலக்கிக்கொண்டார்.

நாற்பத்தெட்டுப் பேர்

இவர் எழுதியவற்றில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1981 பிப்ரவரி 14 அதிகாலை. டப்ளின் வடக்கில் ஆர்ட்டேன் பகுதியில் ஸ்டார்டஸ்ட் என்ற நடன அரங்கம். காதலர் தினக் கொண்டாட்டத்துக்கு எண்ணூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள் வந்திருந்தார்கள். தீப்பிடித்தது. நாற்பத்தெட்டுப் பேர் இறந்தார்கள். இருபத்தேழு வயதுக்கு மேற்பட்டவர் ஒருவரும் இல்லை. அவசரக் கதவுகள் சங்கிலி போடப்பட்டும் தடைபட்டும் இருந்தன என்பதே ஊரின் குற்றச்சாட்டு. விசாரணை நடத்திய நீதிபதியோ தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கலாம் என்று அறிக்கை கொடுத்தார். அதாவது, வந்திருந்த பிள்ளைகளில் யாரோ வைத்தது என்ற பழி அந்த வட்டாரத்தின் மேல் விழுந்தது. அரங்க உரிமையாளருக்கு நஷ்டஈடும் கிடைத்தது.

மூர் பாட்டு எழுதினார். 'தே நெவர் கேம் ஹோம்', வீடு திரும்பாதவர்கள் என்று பொருள். 1985-இல் வந்த தட்டில் சேர்த்தார். பிள்ளைகள் கிளம்பியது, பெற்றோர் காத்திருந்தது, கதவுகளில் சங்கிலி இருந்தது எல்லாவற்றையும் நேரடியாகச் சொல்லிவிட்டார். வழக்குகள் நிலுவையில் இருக்கும்போது இப்படிப் பாடியது நீதிமன்ற அவமதிப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தட்டைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று, அந்தப் பாட்டை நீக்கி, வேறு பாட்டைச் சேர்த்து மறுபடி வெளியிட வேண்டியதாயிற்று. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்த கேசட்டில் அந்தப் பாட்டு இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தை அட்டையில் விரலால் தொட்டுக் காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

சட்டத்தின் பார்வையில் நீதிமன்றம் செய்ததை முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். நம் ரயில்வேயில் பெரிய விபத்து நடந்தால் பாதுகாப்பு ஆணையர் வந்து விசாரிப்பார். அவர் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். அறிக்கை வரும்வரை நாங்கள் வாய் திறக்க மாட்டோம். ஆனால் அறிக்கையே தப்பாக இருந்து, இருபது முப்பது ஆண்டு யாரும் திருத்தவில்லை என்றால் பெற்றவர்கள் எங்கே போவது? பாட்டிடம்தான் போனார்கள்.

வேண்டுமென்றே தீ வைத்ததற்குச் சான்று இல்லை என்று 2009-இல் ஒரு மறு ஆய்வு சொன்னது. புதிய மரண விசாரணைக்கு 2019-இல் உத்தரவாகி, 2023-இல் அது தொடங்கிற்று. 2024 ஏப்ரல் 18 அன்று ஜூரிகள் முடிவு சொன்னார்கள்: நாற்பத்தெட்டுப் பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், தீ மின்கோளாறால் பிடித்தது. அதே மாதம் பிரதமர் சைமன் ஹாரிஸ் நாடாளுமன்றத்தில் அந்தக் குடும்பங்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நாற்பத்து மூன்று ஆண்டுகள். தடை செய்யப்பட்ட பாட்டு சொன்ன பக்கத்துக்கே தீர்ப்பும் வந்து சேர்ந்தது.

கேட்க விரும்புவோருக்கு

மூர் எண்பதை எட்டியவர். 2024 நவம்பரில்கூடப் புதிய தட்டு ஒன்று வெளியிட்டார். இன்டர்நெட்டில் எல்லாம் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நொடியில் எடுத்துத் தருவார்கள். ஆங்கில உச்சரிப்பு முதலில் பிடிபடாது. எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. 1984-இல் வந்த தட்டில் தொடங்கலாம். அதில் வேடிக்கையும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது. பிறகு பிளாங்ஸ்டியின் முதல் தட்டு. அதில் ஜிப்ஸிப் பாட்டு முடியும் இடத்தில் பாட்டு நிற்காமல், பதினேழாம் நூற்றாண்டு யாழிசைக் கலைஞர் ஒருவருடையது என்று சொல்லப்படும் மெட்டுக்குள் வாத்தியங்கள் நழுவிப் போகும். அந்த இடத்தைத் தவற விட வேண்டாம். ஜான் ரைலியின் சொந்தக் குரலைக் கடைசியில் கேளுங்கள். கருவி கிடையாது, ஸ்ருதி அங்கங்கே தள்ளாடும். முதலில் கேட்டால் பிடிக்காது.

ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் ரயில்வேயிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தண்டவாளப் பாட்டோ, நடவுப் பாட்டோ, தாலாட்டோ, ஒப்பாரியோ, அரைகுறையாக நினைவிருந்தாலும் போதும். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணியிலிருந்து சங்கக் கட்டட மாடி அறையில் ஒலிப்பதிவுக் கருவியோடு உட்கார்ந்திருப்பேன். மாடி ஏற முடியாதவர்கள் சொல்லியனுப்பினால் வீட்டுக்கே வருகிறேன். விழுப்புரத்து மேட்டின் மெட்டில் இரண்டாவது பாதி யாருக்காவது தெரிந்திருந்தால் அவர்களுக்கு டீயோடு வடையும் உண்டு.